மரம் வெட்டும் முன்னே எழுதப்பட்ட சபை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சாகினா கவுண்டியில், காஸ் ஆற்றங்கரையில் ஃபிராங்கன்மூத் என்ற ஊர் இருக்கிறது. வார இறுதிகளில் அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் கோழி விருந்து சாப்பிடவும், ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் கிறிஸ்துமஸ் அலங்காரக் கடையைச் சுற்றிப் பார்க்கவும் வருகிறவர்கள். நானும் முதல்முறை நண்பர் குடும்பத்தோடு அதற்காகத்தான் போனேன். சாப்பிட்டு முடித்து, பிள்ளைகள் கடைக்குள் நுழைந்த பிறகு, மேற்கே தெரிந்த கூர்ங்கோபுரத்தை நோக்கித் தனியாக நடந்தேன். கடைத்தெருவிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தூரத்தில், செங்கல்லால் கட்டிய செயின்ட் லோரென்ஸ் தேவாலயம் நின்றது. அதன் வளாகத்தில், முதல் குடியேறிகள் கட்டிய மரக்கட்டைக் கோயிலின் மாதிரி ஒன்றையும் எழுப்பி வைத்திருக்கிறார்கள். அருகே கல்லறைத் தோட்டம். பழைய கற்களில் பெயர்களும் பிறப்பு இறப்பு நாள்களும் ஜெர்மன் மொழியில் செதுக்கப்பட்டிருந்தன. ஐந்தாறு குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன.

அங்கே என் கைக்குக் கிடைத்த ஒரு வரலாற்றுத் துண்டுப் பிரசுரத்தில் ஒரு பெயரைக் கண்டு நின்றுவிட்டேன். எட்வர்ட் பயர்லைன். கடலூர் லுத்தரன் குடும்பமொன்றில் பிறந்த என் பாட்டி, ஜெர்மனியிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பிய லைப்சிக் மிஷனின் ஐயர்மார் என்று வரிசையாகச் சொல்லும் பெயர்களில் பயர்லைன் ஐயரும் ஒருவர். கடலூரில் ஊழியம் செய்த ஒருவருடைய பெயர், மிச்சிகன் காட்டுக்குள் சிப்பெவா என்ற பூர்வ குடி மக்களிடையே பணியாற்றியவர் என்ற குறிப்போடு என் கையில் இருந்தது. அன்று முதல் இந்த டவுன்ஷிப்பின் தொடக்க காலத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். இந்த ஊரின் கதையைக் கோழி விருந்தோடு முடித்துவிடக் கூடாது என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

டவுன்ஷிப் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் விமானத்திலிருந்து கீழே பார்த்தால் நிலம் முழுவதும் சதுரங்கப் பலகைபோலத் தெரியும். 1785ஆம் ஆண்டின் நில ஆணை வகுத்த முறை அது. நில அளவையாளர்கள் 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு காட்டையும் சதுப்பையும் நேர்கோட்டில் கடந்தார்கள். பக்கத்துக்கு ஆறு மைல் கொண்ட ஒவ்வொரு சதுரமும் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைல் சதுரங்கள் 36. ஒவ்வொன்றும் 640 ஏக்கர். பதினாறாம் எண் சதுரத்தைப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கினார்கள். ஆறு எங்கே வளைகிறது, மேடு எங்கே எழுகிறது என்பதையெல்லாம் இந்தக் கோடுகள் பொருட்படுத்தவில்லை. இன்றும் சாகினா சமவெளியில் சோள வயல்களுக்கும் சர்க்கரை பீட் வயல்களுக்கும் நடுவே காரில் போனால், மைலுக்கு ஒரு குறுக்குச் சாலை தவறாமல் வரும்.

இத்தகைய டவுன்ஷிப்களில் தேவாலயம் பொதுவாகக் கடைசியாகத்தான் வந்தது. முதலில் ஒரு குடும்பம் வரும், பிறகு நான்கு குடும்பங்கள். மரங்களை வெட்டிக் கொஞ்சம் நிலத்தைத் திருத்தி ஒரு கொட்டகை போடுவார்கள். மெதடிஸ்ட் சுற்றுப் போதகர் குதிரையில் வரும் நாளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பாடுவார்கள். சில ஆண்டுகளில் பள்ளிக்கூடம் எழும்பும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவே கோயிலாகும். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் என்று யார் வந்தாலும் அந்த ஒரே கூரையை முறைவைத்துப் பயன்படுத்துவார்கள். கையில் காசு சேர்ந்த பிறகுதான் அவரவருக்கென்று ஒரு கட்டடம் வரும். நிலமே மனிதர்களைக் கூட்டியது, கூடிய மனிதர்கள் பிறகு சபையானார்கள்.

ஃபிராங்கன்மூத்தில் இந்த வரிசை தலைகீழாக நடந்தது. அங்கே ஒரு மரம்கூட வெட்டப்படுவதற்கு முன், அமெரிக்க மண்ணில் யாரும் கால் வைப்பதற்கு முன், சபை எழுத்தில் இருந்தது. ஜெர்மனியின் பவேரியா நாட்டில், ஃபிராங்கோனியா என்ற பகுதியில் இருந்த நாயென்டெட்டல்சாவ் என்ற சிற்றூரில் போதகராக இருந்தவர் வில்ஹெல்ம் லோஹே. அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்கள் போதகர் இன்றி, ஞானஸ்நானமும் இராப்போஜனமும் இன்றிச் சிதறிக் கிடக்கிறார்கள் என்று ஃபிரெடரிக் வைனக்கன் என்ற போதகர் விடுத்த வேண்டுகோளை 1840களின் தொடக்கத்தில் படித்தது முதல், லோஹே அதையே நினைத்துக்கொண்டிருந்தார். கைத்தொழில் செய்துவந்த இளைஞர்களுக்கு அடிப்படைப் பயிற்சி கொடுத்து உபதேசிமாராக அனுப்பினார். ஜெர்மானியர்களுக்கு மட்டும் உதவினால் போதுமா, அந்த மண்ணின் பூர்வ குடிகளுக்கு யார் சுவிசேஷம் சொல்வார்கள் என்ற கேள்வியும் அவருக்கு எழுந்தது. அதற்கு அவர் கண்ட வழி புதுமையானது. தனி மிஷனெரி ஒருவரை அனுப்பாமல், ஒரு சபையையே அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் அந்த மக்களின் அருகில் நடவேண்டும் என்றார். உழவர்களும் அவர்கள் மனைவிமாரும் அன்றாடம் உழுது, ஜெபித்து, பிள்ளை வளர்த்து வாழும் வாழ்க்கையே பிரசங்கமாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

அந்தக் குடியேற்றத்துக்கு அவரே ஃபிராங்கன்மூத் என்று பெயர் வைத்தார். ஃபிராங்கோனியர்களின் துணிவு என்பது பொருள். கிளம்பியவர்களில் பலர் ரோஸ்டால் என்ற ஊரையும் அதைச் சுற்றிய சிற்றூர்களையும் சேர்ந்தவர்கள்; ரோஸ்டால் கோயில் புனித லோரென்ஸின் பெயரில் இருந்ததால், இன்னும் கட்டப்படாத கோயிலுக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். சபை விதிகளை எழுதி, படித்து, ஒப்புக்கொண்டார்கள். லுத்தரன் விசுவாச அறிக்கைகளுக்கு உண்மையாயிருப்பது, ஜெர்மன் மொழியைக் கைவிடாதிருப்பது ஆகிய இரண்டும் அவற்றில் இடம்பெற்றன. வேற்று மொழி பேசும் மக்களுக்குச் சுவிசேஷம் சொல்லப் போகிறவர்கள், தங்கள் மொழியை என்றும் விடமாட்டோம் என்று உறுதி கொடுத்துக் கிளம்பினார்கள். இந்த இரண்டு விருப்பங்களும் ஒரே நெஞ்சில் இருந்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. தாய்மொழியை விட்டு வெகுதூரம் வந்தவன் நான். அந்த இரண்டாம் உறுதிமொழியின் பின்னிருந்த அச்சம் எனக்குப் புரிகிறது.

விசுவாசம் மட்டுமே அவர்களைக் கிளப்பியது என்று சொல்வதும் முழு உண்மையாகாது. அன்றைய பவேரியாவில் ஏழைகள் நினைத்தபடி திருமணம் செய்துகொள்ள முடியாது. ஓர் ஊரில் குடியுரிமையும், குடும்பத்தைத் தாங்கும் சொத்தோ தொழிலோ இருப்பதைக் காட்டினால்தான் ஊராட்சி அனுமதி கொடுக்கும். பண்ணை வேலைக்காரனும் வேலைக்காரியும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். பிள்ளைகள் மட்டும் பிறந்துவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஊர் வேறொரு பெயர் வைக்கும். ஒரு போதகராக லோஹேயை வருத்திய நிலைமை இது. 1845ஆம் ஆண்டின் அந்தச் சிறு கூட்டத்திலும் நிச்சயிக்கப்பட்டும் மணமாகாத இணைகள் இருந்தார்கள். அவர்களுக்குக் கப்பலில்தான் திருமணம் நடந்தது. பிறந்த ஊரின் கோயிலில் கிடைக்காத மணமேடை, ஊரை விட்டுக் கிளம்பிய பிறகுதான் கிடைத்தது.

கூட்டத்தின் போதகர் ஆகஸ்ட் கிரேமர், 1812இல் பிறந்தவர். மாணவராக இருந்த காலத்தில் 1833ஆம் ஆண்டின் ஃபிராங்ஃபர்ட் கிளர்ச்சியில் ஈடுபட்டுச் சிறை கண்டவர். பின்னர் இங்கிலாந்தில் ஆசிரியராக இருந்ததால் அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. 1845 ஏப்ரல் 20 அன்று அவர்கள் பிரேமன் துறைமுகத்திலிருந்து கரோலின் என்ற பாய்மரக் கப்பலில் கிளம்பினார்கள். கடலைத் தொடும் முன்பே கப்பல் ஆற்று மணல்திட்டில் தட்டி நின்றது. கடலில் புயல் வந்தது. கப்பலுக்குள் பெரியம்மை பரவியது. ஜூன் 8 அன்று நியூயார்க்கில் இறங்கியபோது ஏறத்தாழ ஐம்பது நாள்கள் ஓடியிருந்தன. அதே கப்பலில் வந்த டோரத்தியா பெந்தீன் என்ற பெண்ணைக் கிரேமர் நியூயார்க்கில் மணந்தார். நோயாளிகளை அவர் பராமரித்த விதத்தைக் கடற்பயணம் முழுவதும் கிரேமர் பார்த்திருந்தார். பிறகு நீராவிப் படகு, ரயில், ஏரிக் கப்பல் என்று மாறிமாறிச் சாகினாவை அடைந்து, அங்கிருந்து காட்டுக்குள் நடந்து, ஆகஸ்ட் மாதத்தில் காஸ் ஆற்றங்கரையை அடைந்தார்கள். மொத்தம் 15 பேர். கரையில் எழுந்திருந்த மேட்டு நிலம் அவர்களுக்குத் தங்கள் ஃபிராங்கோனியாவை நினைவூட்டியது.

அந்த மேட்டில் 680 ஏக்கரை ஏக்கருக்கு இரண்டரை டாலர் வீதம், 1,700 டாலருக்கு வாங்கினார்கள். இந்த விலையில் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. அன்று சாதாரண அரசு நிலத்தின் விலை ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர்தான். இந்த நிலம் இருமடங்கு விலைக்கு விற்கப்பட்டதற்குக் காரணம், அது அண்மைக் காலம்வரை சிப்பெவா மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த நிலம் என்பதே. 1819ஆம் ஆண்டின் சாகினா உடன்படிக்கையில், மிச்சிகன் ஆட்சிப்பகுதியின் ஆளுநர் லூயிஸ் காஸ் முன்னிலையில், அந்த மக்கள் ஏறக்குறைய 60 லட்சம் ஏக்கரை விட்டுக்கொடுத்தார்கள். தங்களுக்கென்று சில துண்டுகளை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். 1837இல் அந்தத் துண்டுகளையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அதே ஆண்டில் பெரியம்மை சாகினா பள்ளத்தாக்கில் புகுந்து ஊர்களைக் காலிசெய்தது. எட்டே ஆண்டுகள் கழித்து, பெரியம்மையைக் கப்பலில் சந்தித்துவிட்டு வந்த பதினைந்து பேர், அந்த மக்களுக்கு நற்செய்தி சொல்வதற்காக, அந்த மக்களின் நிலத்தை அரசாங்கத்திடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். லோஹேயின் உள்ளம் தூயது என்பதில் எனக்கு ஐயமில்லை. அண்டை வீட்டாராக வாழ்ந்து காட்டலாம் என்று வந்தவர்கள் அந்த அண்டை வீட்டின் இடத்திலேயே வேலி போட வேண்டியிருந்தது என்பதும் உண்மை. இந்த ஊரைப் பற்றி எதைப் படித்தாலும் நான் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான்.

மாதிரிக் கோயிலின் மூலையில் நின்று மரக்கட்டைகள் கோத்திருக்கும் விதத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டையின் நுனியிலும் வெட்டுவாய் எடுத்து, குறுக்கே வரும் கட்டையை அதில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஆணி தேவைப்படவில்லை, கட்டையின் எடையே அதைப் பிடித்துக்கொள்கிறது. இடைவெளிகளைப் பூசி அடைத்திருக்கிறார்கள். நல்ல வெயில் நாளிலும் உள்ளே அரையிருட்டாக இருந்தது. ஃபிராங்கோனியாவின் கல்வீடுகளில் பிறந்தவர்கள் இப்படிப்பட்ட சுவர்களுக்குள் முதல் மிச்சிகன் குளிர்காலத்தைக் கழித்தார்கள். பீச், மேப்பிள், ஓக் மரங்கள் வெயில் விழாமல் அடர்ந்திருந்த காடு அது. பெரிய மரங்களைச் சுற்றிப் பட்டையை உரித்துப் பட்டுப்போக விட்டு, சிறியவற்றை வெட்டி எரித்து, வேர்க்கட்டைகளுக்கு நடுவே மண்ணைக் கிளறி விதைத்தார்கள். கோடையில் சதுப்பிலிருந்து கொசு வந்தது. கொசுவோடு முறைக்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் உடல் தூக்கிப்போடும் அந்தக் குளிர்காய்ச்சலைச் சாகினா பள்ளத்தாக்கில் அறியாத குடும்பம் இல்லை.

1846இல் நூறு பேரளவுக்கு இன்னொரு கூட்டம் வந்து சேர்ந்த பிறகுதான் குடியேற்றம் காலூன்றியது. அவர்களோடு வந்த ஹூபிங்கர் சகோதரர்கள் காஸ் ஆற்றில் அணை கட்டி, மரம் அறுக்கவும் மாவு அரைக்கவும் ஆலை அமைத்தார்கள். அதுவரை அருகில் மாவு அரைக்க வழியில்லாதிருந்த உழவர்களுக்கு அந்த ஆலை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் ஊர்ப் பக்கம் அரவை மில்லுக்கு மைல்கணக்கில் மூட்டை சுமந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆலையைச் சுற்றிக் கொல்லன் வந்தான், கடை வந்தது, தெரு வந்தது. இன்றைய கடைத்தெரு அந்த ஆலைப் பக்கத்தில் வளர்ந்ததுதான். நான் நடந்த ஒரு மைல், ஆலைக்கும் கோயிலுக்கும் இடையே உள்ள தூரம்.

லோஹே மனத்தில் வைத்திருந்தது ஃபிராங்கோனியக் கிராமம். நடுவில் கோயில், அதைச் சுற்றி நெருக்கமாக வீடுகள், மணியோசை எல்லா வீட்டுக்கும் கேட்கும், காலையில் ஆண்கள் வயலுக்குப் போய் மாலையில் திரும்புவார்கள். நம் ஊர்களும் அப்படித்தான். ஆனால் சதுரச் சதுரமாக அளந்து விற்ற அமெரிக்க நிலம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஊரில் கால் காணிக்கு ஏங்கியவனுக்கு இங்கே நூறு ஏக்கருக்கு மேல் கிடைத்தது. தினமும் காட்டுவழியே இரண்டு மைல் நடந்து அந்த நிலத்துக்குப் போவதைவிட அங்கேயே வீடு கட்டுவது எளிது. எல்லோரும் அவரவர் நிலத்தில் தங்கினார்கள். சபை கூடும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது கிராமமாயிற்று. மற்ற ஆறு நாள்களும் அது தனித்தனிப் பண்ணைகளாகவே இருந்தது. லுத்தரன் உபதேசத்தைவிட அந்த 66 அடிச் சங்கிலி அவர்களுடைய அன்றாட வாழ்க்கையை அதிகமாக வடிவமைத்தது என்றே நினைக்கிறேன்.

சிப்பெவா ஊழியத்தைக் கிரேமர் தாமதிக்கவில்லை. தம் மரக்கட்டை வீட்டிலேயே பள்ளி தொடங்கினார். பிள்ளைகளைக் கூட்டிவந்து அங்கேயே தங்க வைத்து உணவும் உடையும் கொடுத்தார்கள். அதாவது நம்முடைய மிஷன் போர்டிங் பள்ளிகளைப் போன்ற ஏற்பாடு. அந்தப் பிள்ளைகளுக்குச் சமைத்து, குளிப்பாட்டி, நோய்க்கு மருந்து கொடுத்தவர் டோரத்தியா. காட்டிலிருந்த குடியிருப்புகளுக்குக் கிரேமர் போகும்போது ஜிம் க்ரூவே என்ற மொழிபெயர்ப்பாளர் உடன் சென்றார். கிரேமர் ஜெர்மனில் நினைத்ததை ஆங்கிலத்தில் சொல்வார்; க்ரூவே அதைச் சிப்பெவா மொழியில் சொல்வார். இரண்டு முறை கைமாறிய வார்த்தையில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். 1846ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் காலத்தில் மரக்கட்டைக் கோயில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. முதல் சிப்பெவாப் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்றதும் அந்தப் பண்டிகைக் காலத்தில்தான்.

ஆனால் அந்த மக்கள் ஒரே இடத்தில் தங்கி வாழ்பவர்கள் அல்லர். வசந்தத்தின் தொடக்கத்தில் மேப்பிள் மரத்தில் சாறு இறக்கிச் சர்க்கரை காய்ச்சப் போவார்கள். குளிர்காலத்தில் வேட்டைக்குப் போவார்கள். பருவத்தோடு அவர்கள் ஊரும் நகரும். குடியேறிகள் காட்டைத் திருத்தத் திருத்த அவர்கள் மேற்கே விலகினார்கள். ஜெர்மன் உழவர்கள் வாழ்ந்து காட்டியதைப் பார்ப்பதற்கு அருகில் ஆளில்லாமல் போயிற்று. நேரடியாக அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக ஒருவர் வேண்டும் என்ற நிலையில்தான் 1847இல் பயர்லைன் ஃபிராங்கன்மூத்துக்கு வந்தார்.

அடுத்த ஆண்டு அவர் காட்டுவழியாக மேற்கே போய், பைன் ஆற்றங்கரையில் பெமாசிக்கே என்ற தலைவரின் மக்களிடையே தங்கினார். அந்த இடத்துக்குப் பெத்தானி என்று பெயரிட்டார்கள். கிரேமர் இரண்டு மொழிகளைக் கடந்து பேச வேண்டியிருந்ததைக் கண்டதாலோ என்னவோ, பயர்லைன் சிப்பெவா மொழியைத் தாமே கற்றார். அந்த மொழியில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்பிக்கும் பாடநூல் ஒன்றைத் தயாரித்தார். பழைய ஏற்பாட்டுக் கதைகள், புதிய ஏற்பாட்டுக் கதைகள், கடைசியில் ஞானப்பாட்டுகள் என்று அமைந்த அந்த நூல் 1852இல் டெட்ராய்ட்டில் அச்சாயிற்று. இந்த அமைப்பைப் படித்தபோது, தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் முதலில் தமிழைக் கற்று, பிறகு ஞானோபதேசத்தையும் பாட்டுகளையும் தமிழில் அச்சிட்டது நினைவுக்கு வந்தது. முதலில் மொழி, பிறகு போதனை என்ற அந்தப் பழக்கம் லுத்தரன் மிஷனெரிகளிடம் தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. அன்று அந்த மொழியை எழுத்தில் கற்கச் சிப்பெவாப் பிள்ளைகளுக்குக் கிடைத்த மிகச் சில நூல்களில் அதுவும் ஒன்று.

இதற்கிடையே ஃபிராங்கன்மூத்தைச் சுற்றி லோஹேயின் மற்றக் குடியேற்றங்களும் எழுந்தன. 1847இல் ஃபிராங்கன்ட்ராஸ்ட், அதாவது ஆறுதல். 1848இல் ஃபிராங்கன்லுஸ்ட், அதாவது மகிழ்ச்சி. 1850ஐ ஒட்டி ஃபிராங்கன்ஹில்ஃப், அதாவது உதவி. கடைசியாகச் சொன்னது, சொந்த நாட்டில் மணமுடிக்க வழியில்லாத ஏழை இணைகளுக்கு நிலம் கொடுத்து வாழவைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் திட்டமிடப்பட்டது. அந்தப் பெயரைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். இன்று அதை ரிச்வில் என்கிறார்கள்.

கிரேமர் தம் சபையை 1847இல் சிகாகோவில் உருவான லுத்தரன் சங்கத்தோடு இணைத்தார்; பிற்காலத்தில் மிசௌரி சினாட் என்று அறியப்பட்டது அதுதான். அவரே 1850இல் குருத்துவக் கல்லூரிப் பேராசிரியராகப் போய்விட்டார். அதன்பின் ஒரு துயரமான பிளவு வந்தது. போதகரின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. குருத்துவம் கிறிஸ்து ஏற்படுத்திய தனி ஊழியம், சபையார் கையில் கொடுத்து வாங்கும் பொருளல்ல என்பது லோஹேயின் நிலை. விசுவாசிகளின் சபைக்கே அதிகாரம் அருளப்பட்டிருக்கிறது, சபையே போதகரை அழைக்கிறது என்பது மிசௌரிக்காரர்களின் நிலை. கடல் கடந்து கடிதங்கள் போய்வந்தும் இணக்கம் ஏற்படவில்லை. 1853இல் லோஹேயின் பக்கம் நின்ற கிராஸ்மன், டைண்டார்ஃபர் ஆகியோர் சிறு கூட்டத்தோடு மிச்சிகனை விட்டு அயோவாவுக்குப் போனார்கள். அங்கே 1854இல் அயோவா சினாட் பிறந்தது. லோஹே தாம் பெயர் சூட்டி, விதி எழுதி, ஆளனுப்பி, பணம் திரட்டிக் கொடுத்த ஃபிராங்கன்மூத்தை வாழ்நாளில் ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்கவில்லை. அவர் அமெரிக்காவுக்கு வந்ததே இல்லை. பார்க்காத ஊரை அவர் உறவளவிலும் இழந்துவிட்டார். கோட்பாட்டில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் அறிவு எனக்கில்லை. ஆனால் 1872இல் அவர் இறந்தபோது இந்த இழப்பு அவரோடு போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதே 1853இல் பயர்லைனுக்கு லைப்சிக் மிஷனிலிருந்து அழைப்பு வந்தது. பைன் ஆற்றங்கரையை விட்டு அவர் இந்தியாவுக்குக் கப்பலேறினார். கடலூரில் ஊழியம் செய்தார். 1886 வரை தமிழ்நாட்டில் இருந்தார். தமிழர்களின் நாட்டைப் பற்றியும் அங்கே நடந்த மிஷன் பணிகளைப் பற்றியும் அவர் ஜெர்மனில் எழுதியது ஆங்கிலமாக்கப்பட்டு 1875இல் சென்னையில் வெளியாயிற்று. சிப்பெவா மொழியில் பாடநூல் எழுதியவர் அடுத்த முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ் கேட்டு வாழ்ந்தார். கடலூரில் மழை பெய்யும் மார்கழிக் காலையில் கிறிஸ்துமஸ் ஆராதனை நடத்தியபோது, முழங்கால் அளவு பனியில் பெமாசிக்கேயின் மக்களோடு கொண்டாடிய கிறிஸ்துமஸ் அவருக்கு நினைவு வந்திருக்குமா என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

பெத்தானியில் அவர் விட்ட பணியை மீஸ்லர் தொடர்ந்தார். ஆனால் 1855இல் மற்றுமோர் உடன்படிக்கை ஏற்பட்டு, அந்த மக்களுக்கு இசபெல்லா கவுண்டியில் நிலம் ஒதுக்கப்பட்டது. அவர்கள் அங்கே போனார்கள், மீஸ்லரும் பின்தொடர்ந்தார், ஊழியம் மெலிந்து 1869இல் நின்றுபோயிற்று. எந்த மக்களுக்காக அந்தச் சபை கடல் கடந்து வந்ததோ, அந்த மக்கள் அதன் பதிவேடுகளிலிருந்து மறைந்தார்கள். பூமியிலிருந்து மறைந்துவிடவில்லை என்பதையும் இங்கேயே சொல்லவேண்டும். சாகினா சிப்பெவா மக்கள் இன்றும் மவுண்ட் ப்ளெசன்ட் பகுதியில் தங்கள் சொந்த ஆட்சியமைப்போடு வாழ்கிறார்கள்.

ஃபிராங்கன்மூத் செழித்தது. மரக்கட்டைக் கோயிலுக்குப் பின் 1852இல் பலகைக் கோயில் வந்தது. 1880இல் இன்றைய செங்கல் கோயில் எழுந்தது. ஒரு தலைமுறை முன்னே கோடரியோடு காட்டில் நின்றவர்களின் பிள்ளைகள் எழுப்பிய கட்டடம் அது. உள்ளே நின்று நிமிர்ந்து பார்க்கும்போது, நிலம் அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தது என்பது கணக்குப் புத்தகம் இல்லாமலே தெரிகிறது. ஜெர்மன் மொழியைக் கைவிடமாட்டோம் என்ற உறுதிமொழியும் நெடுங்காலம் நின்றது. வீட்டில் ஃபிராங்கோனியப் பேச்சு வழக்கு, பள்ளியிலும் கோயிலிலும் எழுத்து ஜெர்மன் என்று இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்திருக்கிறது. மொழியியலாளர்கள் வந்து அந்தப் பேச்சு வழக்கைப் பதிவு செய்திருக்கிறார்கள். வெளிநாட்டு மிஷன் என்ற ஆசையும் இந்தச் சபைகளில் அணையவில்லை. மிசௌரி சினாட் 1890களின் நடுவில் தன் முதல் வெளிநாட்டு ஊழியத்தைத் தொடங்கிய இடம் எது என்று தேடினால், அது கிருஷ்ணகிரியும் ஆம்பூரும். லைப்சிக் மிஷனிலிருந்து விலகி மிசௌரியோடு சேர்ந்த நேத்தர், மோன் என்ற இருவர் அங்கே தொடங்கி வைத்தார்கள். மிச்சிகனின் சோள வயல்களுக்கு நடுவே இருந்த சபைகளின் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையில் ஒரு பங்கு கிருஷ்ணகிரிக்குப் போயிருக்கிறது.

சென்ற அக்டோபரில் பெத்தானியைத் தேடிக்கொண்டு போனேன். செயின்ட் லூயிஸ் என்ற சிற்றூருக்கு அருகில், அந்த மிஷனின் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. ஃபிராங்கன்மூத்திலிருந்து காரில் ஏறக்குறைய ஒருமணி நேரம். போகும் வழியெல்லாம் பீட் கிழங்குகளைத் தோண்டி வயலோரங்களில் வீட்டு உயரத்துக்குக் குவித்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. நினைவுக்கல்லை விட்டால் பெரும்பகுதி வெறும் புல்தரைதான். பெயர் எழுதிய கற்கள் குறைவு. செயின்ட் லோரென்ஸ் கல்லறைத் தோட்டத்தில் நான் படித்த அந்த நெருக்கமான பெயர் வரிசைகள் நினைவுக்கு வந்தன. மேப்பிள் இலைகள் புல்லை மூடியிருந்ததால் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் ஓரமாகவே நடந்தேன்.

வீட்டுக்கு வந்து, கடலூரில் இருக்கும் அத்தைக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். பயர்லைன் ஐயர் அங்கேயும் இருந்தாரா என்று கேட்டார். இருந்தார், ஐந்து வருஷம் இருந்தார் என்றேன். அந்த ஜனங்கள் பாஷையில் பாட்டுப் புத்தகம் போட்டாரா என்று கேட்டார். போட்டார் என்றேன். அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அந்தப் பாட்டை இப்போது யாராவது பாடுகிறார்களா என்று கேட்டார்.